கொசு மாதிரி இருக்கும், கடிக்காது: மிட்ஜ் பூச்சிகளை உடலமைப்பை வைத்து அடையாளம் காண ஒரு முழுமையான வழிகாட்டி

ஏரியோ குளமோ கழிவுநீர்க் குட்டையோ பக்கத்தில் இருக்கும் வீடுகளில், மழை ஓய்ந்த சில வாரங்களில் டியூப்லைட்டைச் சுற்றி ஒரு கூட்டம் மொய்க்கும். காலையில் பார்த்தால் சுவரெல்லாம் அப்பியிருக்கும். ஜன்னல் விளிம்பில் செத்துக் குவிந்திருக்கும். கொசு என்று நினைத்து மருந்தடிப்பவர்கள்தான் அதிகம். ஆனால் அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி கைரோனோமிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்த மிட்ஜ்களாக இருக்க வாய்ப்பு அதிகம். கடிக்க வாயே இல்லாத பூச்சிகள். வளர்ந்த பிறகு சில நாள்தான் உயிரோடு இருக்கும். அதற்குள் ஜோடி சேர்ந்து, நீரில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும்.

இந்தக் குடும்பத்தில் 7000-க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. அன்டார்டிகாவில் சிறகே இல்லாமல் ஊர்ந்து திரியும் ஒன்று உண்டு. ஆப்பிரிக்காவில் பாறைக் குழி நீர் வற்றும்போது புழுப் பருவத்திலேயே முழுதாகக் காய்ந்து, மழை வந்ததும் உயிர்த்தெழும் ஒன்றும் உண்டு. இத்தனை வகை இருப்பதால், ஒரு படத்தைப் பார்த்ததும் பெயர் சொல்லும் ஆசையை முதலில் அடக்க வேண்டும்.

போன் கேமராவும் மலிவான மேக்ரோ லென்ஸும் இருந்தால் குடும்பம் வரை போகலாம். சிறகும் காலும் தெளிவாகத் தெரியும் படம் இருந்தால் துணைக்குடும்பம் வரை போகலாம். பேரினத்துக்குப் பெரும்பாலும் ஸ்லைடும் மைக்ராஸ்கோப்பும் வேண்டும். இனம் என்றால் ஆண் பூச்சியின் வயிற்று நுனியைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும், சில நேரம் அதுவும் போதாது. எதுவரை போக முடிகிறதோ அங்கே நிற்பதுதான் இந்த வேலையின் ஒழுக்கம். "கைரோனோமினே துணைக்குடும்பம், ஆண்" என்று எழுதி நிறுத்திய குறிப்பு, தவறான இனப்பெயர் ஒட்டிய அழகான படத்தைவிடப் பல மடங்கு பயனுள்ளது.

பூச்சியைப் பிடிப்பதும் படம் எடுப்பதும்

வெள்ளை எல்.இ.டி. விளக்கும் அதன் பின்னால் ஒரு வெள்ளை வேட்டியும் போதும். உட்கார்ந்த பூச்சியை விரலால் பிடிக்க வேண்டாம், கால் கழன்று வந்துவிடும். முன்னங்கால் போனால் பாதி ஆதாரம் போச்சு. ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பியை மேலே கவிழ்த்து, அடியில் ஒரு அட்டையை நுழைத்து மூடுங்கள். குப்பியை ஃபிரிட்ஜில் (ஃப்ரீஸரில் அல்ல) சில நிமிடம் வைத்தால் பூச்சி மந்தமாகி அசையாமல் நிற்கும். படம் எடுக்க அதுதான் சமயம். சூடு ஏறியதும் பறந்துவிடும், அதனால் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு வெளியே எடுங்கள்.

அடியில் மில்லிமீட்டர் கட்டம் போட்ட கிராஃப் தாள் இருந்தால் அளவு தானாகவே படத்தில் பதிந்துவிடும். ஃபிளாஷ் நேராக அடித்தால் சிறகு பளபளத்து நரம்பு மறைந்துவிடும். நடுவில் ஒரு பட்டர் பேப்பரைப் பிடித்தால் ஒளி மெத்தென்று பரவும்.

ஒரே கோணத்தில் பத்து படம் எடுப்பதைவிட ஐந்து கோணத்தில் ஒவ்வொன்று எடுப்பது மேல். வேண்டியவை: பக்கவாட்டில் முழு உடல், மேலிருந்து மார்பும் சிறகும், முன்னாலிருந்து முகமும் உணர்கொம்பும், முன்னங்கால் முழு நீளத்தில், கடைசியாக வயிற்றின் நுனி. முதல் படம்தான் எல்லாரும் எடுப்பது. மற்ற நான்கில்தான் விடை இருக்கும்.

நிறத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். புதிதாகக் கூட்டிலிருந்து வெளிவந்த பூச்சி வெளிறி இருக்கும், சில மணி நேரத்தில் கருக்கும். பச்சை நிறம் ஆல்கஹாலில் போட்டால் மங்கிப் பழுப்பாகிவிடும். எனவே நிறத்தைப் படத்தில் பதிவு செய்யுங்கள், முடிவு எடுக்கப் பயன்படுத்தாதீர்கள். உடல் அளவும் அப்படித்தான். குளிர்ந்த நீரில் மெதுவாக வளர்ந்த பூச்சி, அதே இனத்தில் சூடான நீரில் அவசரமாக வளர்ந்ததைவிடப் பெரிதாக இருக்கும்.

படி 1: இது கைரோனோமிடேதானா?

முதலில் வாயைப் பாருங்கள். கொசுவுக்கு, ஆணானாலும் பெண்ணானாலும், தலையைவிடப் பல மடங்கு நீளமான ஊசிக்குழல் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். மிட்ஜுக்கு அது இல்லை. முகத்தின் அடியில் குட்டையான, மென்மையான வாய்ப்பகுதியும் தொங்கும் ஒரு ஜோடி உணரிழைகளும் மட்டும் தெரியும். இந்த உணரிழையை ஊசி என்று எண்ணிக் குழம்புவது சகஜம். ஜோடியாக, வளைந்து, கணுக்கணுவாக இருந்தால் அது ஊசி அல்ல.

உணர்கொம்பு அடர்ந்த மயிரோடு பாட்டில் கழுவும் பிரஷ் போல இருந்தால் மிட்ஜ் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது போதாது. ஆண் கொசுவுக்கும் அதே பிரஷ்தான். அது பூச்சி ஆண் என்பதைச் சொல்லும், குடும்பத்தைச் சொல்லாது.

அடுத்தது சிறகு. கொசுவின் சிறகு நரம்புகள் மேலும் பின் விளிம்பிலும் செதில்கள் வரிசையாக ஒட்டியிருக்கும். மிட்ஜின் சிறகில் செதில் கிடையாது. வெறுமையாக இருக்கும் அல்லது நுண்ணிய மயிர் இருக்கும். சிறகின் முன் விளிம்பில் ஓடும் தடித்த நரம்பின் பெயர் காஸ்டா. கொசுவில் அது சிறகின் நுனியைச் சுற்றி வந்து பின் விளிம்பிலும் தொடரும். மிட்ஜில் நுனிக்கு அருகே நின்றுவிடும்.

உட்காரும் விதமும் உதவும். மிட்ஜ் முன்னங்கால்களைத் தூக்கி முன்னால் நீட்டிக்கொண்டு, அவ்வப்போது அவற்றை ஆட்டியபடி உட்காரும். கொசு பின்னங்கால்களைத் தூக்கி வைத்திருக்கும். இது நல்ல அறிகுறி, ஆனால் செத்த பூச்சிக்கும் குளிரூட்டிய பூச்சிக்கும் செல்லாது.

கொசுவைக் கழித்துவிட்டோம். இப்போதுதான் உண்மையான சோதனை, ஏனென்றால் அடுத்த போட்டியாளர் நிஜமாகவே கடிக்கும் மிட்ஜ். செராடோபோகோனிடே குடும்பம், அதில் முக்கியமாக குலிசாய்டஸ். செம்மறி ஆடு வளர்ப்பவர்களுக்கு இந்தப் பூச்சி பெரிய தலைவலி. தமிழ்நாட்டில் மழைக்காலத்தில் மந்தைகளைப் படுத்தும் நீலநாக்கு நோயின் வைரஸை ஆட்டுக்கு ஆடு கடத்துவது இதுதான். பட்டிக்குப் பக்கத்தில் மொய்ப்பது கடிக்கும் மிட்ஜா கடிக்காத மிட்ஜா என்பது அவர்களுக்கு வெறும் பொழுதுபோக்குக் கேள்வி இல்லை.

இரண்டையும் பிரிக்க மூன்று இடங்களைப் பார்க்கலாம். ஒன்று, சிறகின் நடுவே ஓடும் மீடியா நரம்பு. குலிசாய்டஸிலும் அதன் உறவினர்களிலும் அது இரண்டாகக் கவடு விட்டு விளிம்பை அடையும். கைரோனோமிடேயில் கடைசிவரை ஒற்றை நரம்பாகவே போகும். கவட்டின் கீழ்க் கிளை சில பூச்சிகளில் அடியில் மிகவும் மங்கலாக இருக்கும் என்பதால் சிறகுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் விட்டுப் பாருங்கள். இரண்டு, சிறகை மடிக்கும் முறை. கடிக்கும் மிட்ஜ் இரண்டு சிறகுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வயிற்றின் மேல் தட்டையாக அடுக்கும். கைரோனோமிட் பெரும்பாலும் உடலின் இரு பக்கமும் சரிவாக வைத்திருக்கும். மூன்று, மார்பின் பின்பகுதி. முதுகின் கடைசியில் ஒரு சிறிய குறுக்குத் திட்டு இருக்கும், அதன் பெயர் ஸ்கியூட்டெல்லம். அதற்குப் பின்னால், வயிறு தொடங்கும் முன், வழுவழுப்பான குவிந்த தகடு ஒன்று உண்டு. கைரோனோமிடேயில் இந்தத் தகட்டின் நடுவே நீளவாக்கில் ஒரு பள்ளக் கோடு ஓடும். கடிக்கும் மிட்ஜில் அது இருக்காது. சிறகு கிழிந்து நரம்பு தெரியாத பூச்சியிலும் இந்த ஒரு கோடு காப்பாற்றும். ஆனாலும் மேலிருந்து சற்றுப் பின்னால் சாய்த்து இந்தப் படத்தை எடுப்பவர்கள் குறைவு.

அளவும் கொஞ்சம் உதவும். குலிசாய்டஸ் 1 முதல் 3 மில்லிமீட்டர்தான், கால்கள் குட்டை, சிறகில் வெளிர் புள்ளிகளும் கருந்திட்டுகளும் பல இனங்களில் உண்டு. ஆனால் கைரோனோமிடேயிலும் 1 மில்லிமீட்டர் பூச்சிகளும் திட்டுச் சிறகு உள்ளவையும் இருக்கின்றன. ஆகவே மீடியா நரம்பையே நம்புங்கள்.

மற்ற போட்டியாளர்களைச் சட்டென்று கழித்துவிடலாம். கொசுவின் நெருங்கிய உறவான, கடிக்காத சாயோபோரஸ் வகையினத்துக்கு ஊசிக்குழல் இருக்காது, ஆனால் சிறகு நரம்பும் விளிம்புச் செதிலும் கொசுவைப் போலவே இருக்கும். பூந்தொட்டி மண்ணிலிருந்து வரும் கருஞ்சிறகுப் பூஞ்சைக் கொசுகுகளுக்குத் தலை உச்சியில் மூன்று தனிக்கண்கள் உண்டு, இரண்டு கூட்டுக்கண்களும் உணர்கொம்புக்கு மேலே பாலம் போட்டு இணைந்திருக்கும். கைரோனோமிடேக்குத் தனிக்கண்களே கிடையாது. நெல் வயலில் ஆனைக்கொம்பன் என்று விவசாயிகள் சொல்லும் ஈயும் மிட்ஜ்தான், ஆனால் வேறு குடும்பம். அதன் சிறகில் விரல்விட்டு எண்ணக்கூடிய நரம்புகளே இருக்கும், உணர்கொம்பு மணி கோத்ததைப் போல் கணுக்கணுவாக இருக்கும்.

படி 2: ஆணா, பெண்ணா?

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அடர்ந்த மயிருள்ள உணர்கொம்பு, மெலிந்த நீண்ட வயிறு, நுனியில் ஒரு ஜோடிக் கவ்வி: ஆண். மெல்லிய, சில மயிர்களே உள்ள உணர்கொம்பு, பருத்த வயிறு, கவ்வி இல்லை: பெண். விதிவிலக்குகள் உண்டு, சில ஆண்களின் உணர்கொம்பிலும் மயிர் குறைவாக இருக்கும். அதனால் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

அடையாள விசைகள் (ஒவ்வொரு உறுப்பாகக் கேள்வி கேட்டுப் பெயர் வரை கொண்டுபோகும் அட்டவணைகள்) பெரும்பாலும் ஆண்களை வைத்தே எழுதப்பட்டவை. பெண் பூச்சி மட்டும் கிடைத்தால் துணைக்குடும்பத்தோடு நிற்கத் தயாராக இருங்கள்.

படி 3: மீடியாவுக்குக் கீழே ஒரு குறுக்கு நரம்பு

உலகளவில் 11 துணைக்குடும்பங்கள் பேசப்பட்டாலும், நம் சமவெளியில் விளக்குக்கு வரும் பூச்சி பெரும்பாலும் மூன்றில் ஒன்றாகவே இருக்கும்: கைரோனோமினே, ஆர்த்தோகிளாடினே, டானிபோடினே. டயமெசினே போன்றவை குளிர்ந்த மலையோடைக்காரர்கள். நேபாளத்தில் யாலா பனிப்பாறையில் வாழும் ஒரு டயமெசா, உறைநிலைக்கு 16 டிகிரி கீழேயும் நடமாடுகிறது என்று 1984-இல் பதிவானது. அதையெல்லாம் காஞ்சிபுரம் ஏரிக்கரையில் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

இந்த மூன்றைப் பிரிக்கும் முதல் திறவுகோல் ஒரே ஒரு குட்டி நரம்பு. சிறகை முன் விளிம்பு மேலே இருக்கும்படி திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். மேலே காஸ்டா, அதற்கடுத்து ரேடியஸ் நரம்பின் கிளைகள், நடுவே ஒற்றையாக ஓடும் மீடியா, அதற்குக் கீழே கவடு விடும் கியூபிடஸ். ரேடியஸையும் மீடியாவையும் இணைக்கும் குறுக்கு நரம்பு ஒன்று சிறகின் நடுவே இருக்கும். பல இனங்களில் அது மட்டும் கருத்துத் தெரியும். இது எல்லாரிடமும் இருப்பது, இதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

பார்க்க வேண்டியது அதற்குக் கீழே. மீடியாவையும் கியூபிடஸையும் இணைக்கும் இரண்டாவது குறுக்கு நரம்பு இருக்கிறதா? இருந்தால் சமவெளிப் பூச்சிக்கு விடை அநேகமாக டானிபோடினே. இல்லையென்றால் கைரோனோமினே அல்லது ஆர்த்தோகிளாடினே. தவறு நடப்பது எங்கே என்றால், கியூபிடஸ் கவடு விடும் இடத்தைக் குறுக்கு நரம்பு என்று எண்ணிக்கொள்வதில்தான். கவட்டின் இரண்டு கிளைகளும் விளிம்பை நோக்கிப் போகும். குறுக்கு நரம்பு மேலிருக்கும் மீடியாவைப் போய்த் தொடும். தொடுகிறதா என்பதை மட்டும் கேளுங்கள்.

மடித்த சிறகில் இதைப் பார்க்க முயல்வது வீண். செத்த பூச்சியின் ஒரு சிறகை அடியோடு எடுத்து, இரண்டு ஸ்லைடு கண்ணாடிகளுக்கு நடுவே உலர்வாக வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் விட்டால் போன் கேமராவுக்கே நரம்புகள் எல்லாம் கோடு போட்டதைப் போல் தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது.

டானிபோடினே என்று தோன்றினால் இரண்டு விஷயத்தில் உறுதி செய்யலாம். ரேடியஸின் நடுக்கிளை பெரும்பாலும் சிறிய கவடாகப் பிரிந்திருக்கும். ஆணின் உணர்கொம்பில் கடைசிக் கணு குட்டையாகவும் அதற்கு முந்தைய கணு மிக நீளமாகவும் இருக்கும். மற்ற இரண்டு துணைக்குடும்பங்களிலும் பொதுவாகக் கடைசிக் கணுதான் நீளமானது.

படி 4: முன்னங்காலை அளந்து பாருங்கள்

கைரோனோமினேயையும் ஆர்த்தோகிளாடினேயையும் பிரிக்கக் கண்ணளவு போதாது, அளவுகோல் வேண்டும். காலின் பகுதிகள் உடலிலிருந்து வரிசையாக: தொடை, டிபியா, அதன் பின் பாதத்தின் ஐந்து கணுக்கள். முன்னங்காலில் பாதத்தின் முதல் கணு நீளத்தை டிபியா நீளத்தால் வகுங்கள். விடை 1-க்கு மேல் வந்தால், அதாவது பாதக் கணு டிபியாவைவிட நீளமென்றால், பெரும்பாலும் கைரோனோமினே. 1-க்குக் கீழே என்றால் ஆர்த்தோகிளாடினே பக்கம் சாயலாம். டானிபோடினேயிலும் இது பொதுவாக 1-க்குக் கீழேதான் வரும், ஆனால் அதை முந்தைய படியிலேயே பிரித்துவிட்டோம்.

அளப்பதற்கு இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருள் போதும். படத்தின் மேல் கோடு இழுத்து இரண்டு நீளங்களையும் பிக்சலில் குறித்துக்கொள்ளுங்கள். விகிதம்தானே வேண்டும், மில்லிமீட்டராக மாற்ற வேண்டிய அவசியம்கூட இல்லை. ஒரே எச்சரிக்கை: கால் கேமராவை நோக்கி நீண்டிருந்தால் கோணத்தால் நீளம் சுருங்கித் தெரியும். டிபியாவும் முதல் கணுவும் ஒரே தளத்தில் படுத்திருக்கும் படத்தைத்தான் அளக்க வேண்டும். 0.95, 1.05 என்று எல்லைக்கோட்டில் எண் வந்தால் அதை ஆதாரமாகக் கொள்ளாமல் அடுத்த படிக்குப் போங்கள்.

அளந்து முடித்ததும் டிபியாவின் நுனியையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். கைரோனோமினேயின் நடு, பின் டிபியாக்களின் நுனியில் நெருக்கமான முட்களாலான சீப்பு இருக்கும். ஆர்த்தோகிளாடினேயின் முன் டிபியா நுனியில் நீண்ட முள் ஒன்று தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். இதற்கு மைக்ராஸ்கோப் தேவைப்படும்.

படி 5: வயிற்றின் நுனி

ஆண் பூச்சியின் கவ்வி இரண்டு துண்டுகளால் ஆனது: தடித்த அடித்துண்டு, அதிலிருந்து நீளும் நுனித்துண்டு. ஆர்த்தோகிளாடினேயிலும் டானிபோடினேயிலும் நுனித்துண்டு கீலில் மாட்டியது போல உள்நோக்கி மடங்கியிருக்கும். கைரோனோமினேயில் அது அடித்துண்டோடு இறுகி, பின்னோக்கி நேராக நீட்டிக்கொண்டிருக்கும். மேலிருந்து நல்ல மேக்ரோ படம் எடுத்தாலே இது தெரிந்துவிடும். விகிதத்தில் சந்தேகம் வந்தவர்கள் இங்கே தீர்த்துக்கொள்ளலாம்.

பேரினத்தையும் இனத்தையும் பிரிக்கும் நுணுக்கங்களும் இங்கேதான் ஒளிந்திருக்கின்றன. இரண்டு கவ்விகளுக்கும் நடுவே பின்னோக்கி நீளும் குதமுனை, அடித்துண்டின் உட்பக்கத்தில் இருக்கும் சிறு பிதுக்கங்கள், அவற்றின் கொக்கி வளைவு, மேலுள்ள மயிர்களின் எண்ணிக்கை எல்லாமே விசைகளில் வரும். வெளியிலிருந்து எடுத்த படத்தில் இவை தெரியாது.

படத்திலேயே பிடிபடும் சில ஆட்கள்

கைரோனோமினேயில் இரண்டு பெரிய இனக்குழுக்கள் (துணைக்குடும்பத்துக்குள் வரும் பிரிவுகள்) உண்டு. சிறகின் மேற்பரப்பெல்லாம் மயிர், முதல் குறுக்கு நரம்பு சாய்ந்து மேல் நரம்பின் தொடர்ச்சி போலவே தெரிவது, சிறிய உடல், பலவற்றில் பச்சை நிறம் என்றால் டானிடார்சினி. சிறகு வெறுமையாக, குறுக்கு நரம்பு தெளிவாகக் குறுக்கே நின்றால் பெரும்பாலும் கைரோனோமினி. சூடானில் நைல் கரையில் பெருங்கூட்டமாக வந்து மக்களுக்கு ஆஸ்துமாவைத் தூண்டிய பச்சை மிட்ஜ், டானிடார்சினியைச் சேர்ந்தது. கடிக்காத பூச்சியும் தொல்லை தரலாம்: செத்து உதிரும் உடல் துகள்களில் உள்ள புரதங்கள் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும்.

கிரிகோடோபஸ், ஆர்த்தோகிளாடினேயில் எளிதாகக் கண்ணில் படுவது. பல இனங்களில் கருத்த கால்களில் வெள்ளை வளையம், வயிற்றிலும் வெளிர் பட்டைகள். கூட்டுக்கண்ணின் நுண்கண்களுக்கு இடையே குறுமயிர் இருந்தால் இன்னும் உறுதி. டானிபோடினேயில் அப்லாபெஸ்மையாவின் டிபியாவில் கருவளையங்கள் இருக்கும், சிறகும் திட்டுத்திட்டாக இருக்கும். அதே துணைக்குடும்பத்தில் கிளினோடானிபஸுக்குப் பாதத்தின் நான்காவது கணு இதய வடிவில் குட்டையாக இருக்கும். சிறகின் குறுக்கே கரும்பட்டை ஓடினால் ஸ்டெனோகைரோனோமஸை நினைத்துப் பாருங்கள். 1 மில்லிமீட்டரை ஒட்டிய பூச்சி, முன் விளிம்பு நரம்புகளெல்லாம் சிறகின் பாதிக்குள்ளேயே ஒன்றாகச் சேர்ந்து தடித்து முடிந்துவிட்டால் கோரினோநியூரா.

இவை "இருக்கலாம்" என்ற அளவில்தான். குறிப்பேட்டில் கேள்விக்குறியோடு எழுதுங்கள்.

ஸ்லைடு போட நினைப்பவர்களுக்கு

பூச்சியை 70 அல்லது 80 சதவீத ஆல்கஹாலில் வைத்துக்கொள்ளலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் பரவாயில்லை. ஜெல் சானிடைசர் வேண்டாம், அது மயிர்களில் ஒட்டிக்கொள்ளும். முதலில் சிறகுகளையும் உணர்கொம்புகளையும் ஒரு பக்கத்துக் கால்களையும் தனியாக எடுத்துவிடுங்கள். மீதி உடலை 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஓர் இரவு ஊறவிட்டால் உள்ளிருக்கும் தசை கரைந்து கண்ணாடி போன்ற கூடு மட்டும் மிஞ்சும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், இந்தக் கரைசல் தோலையும் கண்ணையும் அரிக்கும். குழந்தைகளைப் பக்கத்தில் விட வேண்டாம். பின்பு நீரில் சில துளி வினிகர் விட்டு அலசி, கிளிசரினில் ஸ்லைடாக்கிப் பார்க்கலாம். நிரந்தர ஸ்லைடு வேண்டுமென்றால் ஆல்கஹாலில் நீரை இழுத்துவிட்டு யூபரால் பிசினில் பதிக்க வேண்டும். வயிற்று நுனியை மேற்புறம் மேலே இருக்கும்படி படுக்கவையுங்கள். சாய்ந்து உட்கார்ந்துவிட்டால் மொத்த உழைப்பும் வீண்.

புழுவிலிருந்து தொடங்கலாமா?

தாராளமாக. சொல்லப்போனால் நீரின் தரத்தை ஆராய்பவர்கள் புழுவைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். சென்னை கொளத்தூர் மாதிரியான மீன் சந்தைகளில் மீன் தீனியாக விற்கும் ரத்தப்புழு இதே குடும்பத்தின் இளம் பருவம்தான். உடல் திரவத்தில் கரைந்திருக்கும் ஹீமோகுளோபின்தான் சிவப்புக்குக் காரணம். ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் அது தாக்குப்பிடிக்க உதவுகிறது. பக்கத்துத் தொட்டியில் விற்கும் டியூபிஃபெக்ஸும் சிவப்புதான், ஆனால் அது மண்புழுவின் உறவு. தலையே கிடையாது. கைரோனோமிட் புழுவுக்குக் கெட்டியான தலைக்கூடு, தலைக்குப் பின்னால் ஒரு ஜோடி மொட்டைக்கால், வால் நுனியில் இன்னொரு ஜோடி இருக்கும். கொசுப்புழுவுக்கு இந்த மொட்டைக்கால்கள் இல்லை, மார்பும் வீங்கியிருக்கும்.

துணைக்குடும்பத்தைத் தலையைப் பார்த்தே சொல்லலாம். பக்கத்துக்கு இரண்டு கண்புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தனித்தனியே இருந்தால் கைரோனோமினே. டானிபோடினே புழுவுக்குப் பக்கத்துக்கு ஒரே புள்ளி, தலை நீண்டிருக்கும், உணர்கொம்பைத் தலைக்குள்ளேயே இழுத்துக்கொள்ளும், வாய்க்குள் கருத்த பல்வரிசையுள்ள ஒரு நாக்குத் தகடு தெரியும். இவை வேட்டையாடிகள், பிற மிட்ஜ் புழுக்களையே பிடித்துத் தின்னும்.

தலையை அடிப்பக்கம் மேலே வருமாறு ஸ்லைடில் வைத்தால் மென்டம் என்ற பல் தகடு தெரியும். கைரோனோமினேயைச் சேர்ந்த கைரோனோமஸ் பேரினத்தில் நடுப்பல் மூன்றாகப் பிரிந்திருக்கும், இரு பக்கமும் ஆறு ஆறு பற்கள். தகட்டின் இரு புறமும் நெருக்கமான கோடுகள் கொண்ட விசிறித் தகடுகள் இருக்கும். ஆர்த்தோகிளாடினேயில் இந்தக் கோடுபோட்ட விசிறி இருக்காது. வயிற்றின் கடைப்பகுதியில் அடிப்புறமாக இரண்டு ஜோடி நீண்ட குழல்கள் தொங்கினால் கைரோனோமஸ் என்பதற்கு வலுவான ஆதாரம்.

பல் எண்ணும்போது உடைந்ததையும் தேய்ந்ததையும் குறையுள்ளதையும் பிரித்து எழுதுங்கள். கன உலோகம் கலந்த சேற்றில் வளரும் புழுக்களில் பல் கோணலாக, எண்ணிக்கை மாறி வளர்வதுண்டு. மாசைக் கண்டறிய அதையே ஒரு அளவுகோலாக ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். மணல் தின்று மழுங்கிய பல்லை அந்தக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.

காலை நேரத்தில் குளத்தின் காற்றடிக்கும் ஓரத்தில் நுரையோடு ஒதுங்கும் வெற்றுத் தோல்களையும் விடாதீர்கள். அவை கூட்டுப்புழு உரித்துப் போட்டவை. ஒரு சல்லடையில் அள்ளினால், அண்மையில் அந்தக் குளத்திலிருந்து எவையெல்லாம் பறந்து போயின என்ற பட்டியல் கிடைத்துவிடும், ஒரு பூச்சியையும் கொல்லாமலேயே. அவற்றின் மார்புச் சுவாசக்கொம்பைப் பாருங்கள்: இழை இழையாகப் பிரிந்திருந்தால் கைரோனோமினி, குழலாக இருந்தால் டானிபோடினே.

எங்கே நிறுத்துவது

கைரோனோமஸ் பேரினத்தில் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும் இரட்டை இனங்கள் உண்டு. அவற்றைப் பிரிக்கப் புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் உள்ள பூதாகரமான குரோமோசோம்களின் பட்டைகளைப் பார்க்கிறார்கள். அந்தக் குரோமோசோம்களை பால்பியானி 1881-இல் முதலில் கண்டதும் ஒரு கைரோனோமஸ் புழுவில்தான். எவ்வளவு நல்ல லென்ஸும் அந்த இடத்தில் உதவாது.

இந்தியப் பூச்சிகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1910-களில் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் சேகரிப்பை வைத்து ஜே. ஜே. கீஃபர் என்ற பாதிரியார் நிறைய இனங்களுக்குப் பெயரிட்டார். அவர் எழுதிய விவரணைகள் பல மிகச் சுருக்கமானவை. பிற்காலத்தில் பர்த்வான் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் அவற்றைத் திரும்ப ஆராய வேண்டியிருந்தது. ஐரோப்பிய விசையை வைத்துக்கொண்டு நம் ஊர்ப் பூச்சியை ஓட்டினால் கடைசியில் ஏதோ ஒரு பெயரில் போய் நிற்கும். அந்தப் பெயர் இங்கே பதிவாகியிருக்கிறதா என்று பார்க்காமல் எழுதிவிடாதீர்கள்.

குப்பியில் போடும் சீட்டில் இடம், தேதி, நேரம், எந்த வகை விளக்கு, பக்கத்தில் என்ன நீர்நிலை, யார் பிடித்தது, எதுவரை அடையாளம் கண்டீர்கள், எந்த உறுப்பை வைத்துக் கண்டீர்கள் என்பதையெல்லாம் எழுதுங்கள். "முன்னங்கால் விகிதம் 1.4, கீழ்க் குறுக்கு நரம்பு இல்லை, கவ்வி நேராக" என்று மூன்று குறிப்பு இருந்தால், பின்னால் பார்ப்பவர் உங்கள் முடிவைச் சரிபார்க்கலாம், தேவைப்பட்டால் மாற்றலாம். சீட்டைப் பென்சிலால் எழுதி ஆல்கஹாலுக்குள்ளேயே போடுங்கள். பால்பாயின்ட் மை ஒரு வாரத்தில் கரைந்து பூச்சிக்கும் சாயம் ஏற்றிவிடும்.